கீழ்க்கோட்டில் இருப்பவள்

பந்தயக் குதிரையை அறிமுகப்படுத்த ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினால் ‘இன்ன ஆண்குதிரையால், இன்ன பெண்குதிரையிலிருந்து’ என்று வரும். பந்தயப் புத்தகத்திலும் ஏலப் பட்டியலிலும் குதிரையின் பெயருக்கு அடுத்து வருவது இந்த வரிதான். இலக்கணம் படித்த கண்ணுக்கு இதில் ஒன்று உறுத்தும். தகப்பன் மூன்றாம் வேற்றுமையில் நிற்கிறான்; அவன் கருத்தா, செய்பவன். தாய் ஐந்தாம் வேற்றுமையில் நிற்கிறாள். அவள் நீங்கற்பொருள், ஒன்று விட்டுப் புறப்பட்ட இடம். பிறப்பு என்னும் ஒரே நிகழ்ச்சியில் ஒருவருக்கு வினையும் இன்னொருவருக்கு வெறும் இடமும் பங்கிட்டுக் கொடுக்கப்படுகின்றன.

நம் மொழி இதில் மேலானது என்று மகிழ வேண்டாம். ‘தசரதனுக்குக் கோசலையின் வயிற்றில் பிறந்தவன் இராமன்’ என்றுதான் நாமும் சொல்லிவருகிறோம். இங்கே தகப்பன் நான்காம் வேற்றுமை, உரிமையாளன். தாய் ஏழாம் வேற்றுமை, மறுபடியும் இடம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன!

வம்சாவளிப் படத்தை வரையும் முறையும் இதே இலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு இரண்டாகப் பிரியும். மேற்கோட்டில் தகப்பன், கீழ்க்கோட்டில் தாய். ‘ஓர் அரபு ஆண்குதிரையின் மரபுச் செல்வம்’ என்று எழுதுகிறவர்கள் மேற்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நடந்து போவார்கள். அந்த மரபுக் கதையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அதே தாளைக் கீழ்க்கோட்டிலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. குதிரையைத் தமிழ் இலக்கணம் அஃறிணையில் வைத்தாலும், இங்கே அவன், அவள் என்றே எழுதுகிறேன். யார் ‘அவள்’ என்பது தெரியாமல் இந்தக் கதையைப் பேச முடியாது.

கிண்டியின் மூதாதையர்

இது எங்கோ இங்கிலாந்தில் நடந்த கதை என்று தோன்றலாம். ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வழியாகவோ, தி. நகரிலிருந்து சைதாப்பேட்டை வழியாகவோ புறப்பட்டால் சிறிது நேரத்தில் கிண்டிப் பந்தயத் திடலை எட்டிவிடலாம். அங்கே 1777இலிருந்து குதிரைகள் ஓடியிருக்கின்றன. 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது. 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. திமிறும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடிக்கும் ஜெமினி மேம்பாலத்துச் சிலை அதன் நினைவாகவே இன்றும் பேசப்படுகிறது. குதிரைப் பந்தயம் திறமைக்குரிய ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து திடலுக்கு முத்திரை வைத்தது.

இந்த நீண்ட வழக்கில் பெண்ணுக்கு ஒரே ஒரு வேடம்தான் கிடைத்தது. ரேஸில் பணத்தைத் தொலைத்த கணவனுக்காகத் தாலியை அடகு வைக்கும் மனைவி. பந்தயத்தை எதிர்த்த மேடைப் பேச்சுகளும் பழைய படங்களும் அவளைத்தான் காட்டின. சிலையிலும் ஓர் ஆண், ஒரு குதிரை. மீறும் சக்தியும் அடக்கும் சக்தியும் இரண்டுமே ஆண்மையின் உருவங்களாக நமக்குப் பழகிவிட்டன.

கிண்டியில் ஓடிய பந்தயக் குதிரை இனத்துக்குத் தரோபிரெட் என்று பெயர். உலகில் எங்கே இருக்கும் தரோபிரெட்டின் மேற்கோட்டைப் பிடித்துப் போனாலும் மூன்று கீழைநாட்டு ஆண்குதிரைகளில் ஒருவனிடம் போய் முடியும். பயர்லி டர்க், டார்லி அரேபியன், காடால்ஃபின் அரேபியன். பயர்லி, டார்லி, காடால்ஃபின் என்பவை மூன்றும் வைத்திருந்த ஆங்கிலேயரின் பெயர்கள். குதிரைகளின் சொந்தப் பெயர் கடல் தாண்டும்போதே உதிர்ந்துவிட்டது. காலனியத்துக்கும் உடைமைக்கும் அகப்பட்ட உயிர் தன் பெயரை இழக்கிறது என்பதற்கு இந்த ஆண்குதிரைகளே முதல் சாட்சி. அவர்களோடு சேர்ந்த பெண்குதிரைகளின் நிலை இதற்கும் ஒரு படி கீழே.

ராக்ஸானாவின் இரண்டு கதைகள்

மூவரில் அதிகம் கதை சொல்லப்பட்டவன் காடால்ஃபின் அரேபியன். 1724 வாக்கில் பிறந்தவன். துனிஸ் நாட்டு ஆட்சியாளர் பிரெஞ்சு மன்னருக்கு அனுப்பிய அன்பளிப்பு என்பார்கள். பிரான்சிலிருந்து எட்வர்ட் கோக் என்பவர் அவனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் காடால்ஃபின் பிரபுவின் கைக்குப் போனான். 1753இல் இறந்தான். கேம்பிரிட்ஜ் அருகே வாண்டில்பரியில் அவனுக்குக் கல்லறை இருக்கிறது. அவன் அரபு இனமா, வட ஆப்பிரிக்க பார்ப் இனமா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அதாவது தூய ரத்தத்தின் ஊற்று என்று கொண்டாடப்படுபவனின் இனமே உறுதியாகத் தெரியாது. அவன் தாய் யார் என்பதற்கும் பதிவு இல்லை.

அவன் இங்கிலாந்தில் முதலில் பொலிகுதிரையாக வைக்கப்படவில்லை, தூண்டுகுதிரையாக வைக்கப்பட்டான் என்பது புகழ்பெற்ற கதை. பெண்குதிரை இணைய ஆயத்தமாக இருக்கிறாளா என்று பார்க்க, மதிப்புக் குறைந்த ஓர் ஆணை அவளருகே கொண்டுபோவார்கள். அவள் இசைந்ததும் அவனை அப்புறப்படுத்திவிட்டு விலையுயர்ந்த பொலிகுதிரையை விடுவார்கள். ஹாப்காப்ளின் என்னும் பொலிகுதிரைக்காக ராக்ஸானா என்ற பெண்குதிரை கொண்டுவரப்பட்டாள். இதற்குமேல் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் ஹாப்காப்ளின் அவளை மறுத்துவிடுகிறான், வேறு வழியில்லாமல் அரபுக் குதிரையை விடுகிறார்கள். இன்னொன்றில் அவளுக்காக இரண்டு ஆண்களும் மோதிக்கொள்கிறார்கள், அரபுக் குதிரை வென்று அவளை அடைகிறான்.

மக்கள் விரும்பியது இரண்டாவது கதையைத்தான். அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் ஹென்றி 1948இல் எழுதிய ‘கிங் ஆஃப் த விண்ட்’ என்னும் சிறுவர் நாவல் இந்தச் சண்டையைத்தான் உச்சக்கட்டமாக வைத்தது. அடுத்த ஆண்டே நியூபெரி விருது பெற்று, பல தலைமுறைக் குழந்தைகளுக்கு இந்தக் கதையை அந்த நாவல் உண்மை வரலாறாக ஆக்கியது. நாவலை எழுதியவர் ஒரு பெண். ஆனாலும் இரண்டு ஆண்கள் மோத, வென்றவனுக்குப் பெண் பரிசு என்ற சுயம்வரக் கதையின் எலும்புக்கூட்டை அவரால் விட முடியவில்லை. இரண்டு கதைகளிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றுதான். ராக்ஸானா என்ன செய்தாள்? ஒன்றில் அவள் நிராகரிக்கப்பட்டவள். மற்றொன்றில் வெல்லப்பட்டவள். அவள் விருப்பம் ஒரு வினைச்சொல்லாக எங்குமே வரவில்லை.

பதிவேடு தரும் தகவல் வேறு. ராக்ஸானா 1732இல் லாத் என்ற ஆண்குட்டியை ஈன்றாள். காடால்ஃபினுக்குப் புகழ் சேர்த்த முதல் பிள்ளை அவன்தான். 1734இல் மறுபடியும் காடால்ஃபினுக்கு கேய்ட் என்ற குட்டி. கேய்ட் பிறந்து இரண்டு வாரங்களுக்குள் ராக்ஸானா இறந்துபோனாள். குட்டியைப் பசும்பால் கொடுத்து வளர்த்தார்கள்.

இதில்தான் நான் நிற்க விரும்புகிறேன். லாத் பந்தயத்தில் வென்றானே தவிர அவன் வழி தழைக்கவில்லை. காடால்ஃபின் அரேபியனின் ஆண்வழி இன்றுவரை உயிரோடிருப்பது கேய்ட் வழியாகத்தான். கேய்டின் மகன் மேட்சம் 1748இல் பிறந்தான். அந்த வழியில்தான் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேன் ஓ’ வார் வந்தான். ‘காடால்ஃபினின் அழியாத மரபு’ என்று எழுதப்படும் மேற்கோடு முழுவதும், பெற்றுப்போட்டு இறந்த ஒருத்தியின் கடைசிப் பிள்ளையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு வாரங்கள் மரபுக் கதையில் ஒரு துணை வாக்கியமாகவே வரும். ‘தாய் இறந்தபோதிலும் கேய்ட் பிழைத்துக்கொண்டான்.’ பிரசவத்தில் இறந்த பெண்களைப் பற்றி நம் குடும்பக் கதைகளும் இப்படித்தான் பேசுகின்றன. ‘அவ போயிட்டா, ஆனா புள்ள தங்கிட்டான்.’

ஹென்றியின் நாவலிலும் பிரசவத்துக்குப் பின் இறக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவள் நாயகக் குதிரையின் தாய். ஒட்டகப் பால் குடித்து வளரும் அநாதைக் குட்டி நாயகனேதான். வரலாற்றில் ராக்ஸானாவுக்கு நேர்ந்தது கதையில் ஆணின் இளமைத் துயரமாக, அவனைப் பெரியவனாக்கும் சோதனையாக மாறிவிடுகிறது. தாயின் மரணம் மகனின் காவியத்துக்கு எரிபொருளாவது நமக்குப் புதிதல்லவே.

பதிவேட்டுக்குத் தெரிந்தது

ஜேம்ஸ் வெதர்பி 1791இல் முதலில் வெளியிட்ட ஆங்கிலேய வம்சாவளிப் பதிவேடு தரோபிரெட் இனத்தின் வேதம். அதைப் பார்க்காதவர்கள் அது தகப்பன் பெயரில் அடுக்கப்பட்டிருக்கும் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது தாயின் பெயரில் அடுக்கப்பட்டது. ஒவ்வொரு பெண்குதிரையின் தலைப்பின்கீழ் அவள் ஆண்டுதோறும் ஈன்ற குட்டிகளின் பட்டியல் வரும். காரணம் எளிது. ஈன்றவள் யார் என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். தகப்பன் யார் என்பது லாயக்காரனின் சொல்.

பந்தய உலகின் உறவுமுறைச் சொற்களும் இதையே காட்டுகின்றன. ஒரே தாய்க்கு வெவ்வேறு தகப்பன்களிடம் பிறந்த குதிரைகளைத்தான் அங்கே ‘அரைச் சகோதரர்’ என்பார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை அந்த உறவில் சேராது. பொலிகுதிரைக்கு ஒரே ஆண்டில் நூறு பிள்ளைகள் பிறக்கலாம். அதையெல்லாம் உறவு என்று கணக்கிட்டால் உறவு என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். ஆக, தொழில் செய்கிறவர்களுக்குத் தாய்வழியின் எடை நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே புகழை மேற்கோட்டுக்குக் கொடுக்கிறார்கள். எனவே அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் தாயின் தலைப்பில் அடுக்கிய அந்தப் பதிவேட்டில் ஆதித் தாய்மார் பலருக்குப் பெயரே இல்லை. ‘இன்னாரின் மகள்’, ‘இன்னானின் சகோதரி’, ‘இன்ன துரையின் பார்ப் பெண்குதிரை’. ஆஸ்திரேலியரான புரூஸ் லோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண் கொடுத்தபோது முதலாம் எண் பெற்றவள் ‘ட்ரெகன்வெல்லின் பார்ப் பெண்குதிரை’ என்றே அறியப்படுகிறாள். ட்ரெகன்வெல் அவளை வைத்திருந்தவர். உலகின் மிகப் பெரிய குதிரைக் குடும்பங்களில் ஒன்றின் மூதாய்க்குச் சொந்தப் பெயர் கிடையாது.

மரபணு ஆய்வு வந்தபோது இந்தப் பழைய கதை இன்னும் சிக்கலானது. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த பாட்ரிக் கன்னிங்ஹாம் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய தரோபிரெட்களின் ஆண்வழிகளில் 95 விழுக்காடு ஒரே ஆண்குதிரையிடம் போய்ச் சேர்கின்றன. அவன் டார்லி அரேபியன். மேற்கோட்டை மட்டும் பார்த்தால் காடால்ஃபின் ஏறக்குறையத் தோற்றுப்போனவன். ஆனால் மொத்த வம்சாவளியையும் கணக்கிட்டால் காடால்ஃபினின் பங்கு டார்லியின் பங்கைப் போல ஏறத்தாழ இருமடங்கு. மகன்கள் வழியே வராத அந்த ரத்தம் வேறு எப்படி வந்தது? மகள்கள், மகன்களின் மகள்கள், பேத்திகள் வழியேதான் வந்தது.

டார்லி வழியின் மணிமுடி 1764இல் சூரிய கிரகணத்தின்போது பிறந்த எக்லிப்ஸ். ஓடிய எந்தப் பந்தயத்திலும் தோற்காதவன். அவனுடைய மேற்கோடு நேராக டார்லி அரேபியனிடம் போகும். கீழ்க்கோட்டில் அவன் தாய் ஸ்பிலெட்டா. ஸ்பிலெட்டாவின் தகப்பன் ரெகுலஸ். ரெகுலஸின் தகப்பன் காடால்ஃபின் அரேபியன். டார்லியின் வெற்றி என்று எண்ணப்படும் ஒவ்வொரு எக்லிப்ஸ் வாரிசிடமும் ஸ்பிலெட்டா கொண்டுவந்த காடால்ஃபின் இருக்கிறான். பிறந்த வீட்டின் சீர் புகுந்த வீட்டின் பெயரில் கணக்கு வைக்கப்படுவதை அறிந்த பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதே ஆய்வில், இனத்தின் மரபணுக்களில் 78 விழுக்காடு 30 மூதாதையரிடமிருந்து வந்தவை என்றும் அவர்களில் 27 பேர் ஆண்கள் என்றும் இருக்கிறது. ‘பார்த்தீர்களா, உண்மையிலேயே ஆண்களின் பங்குதான் அதிகம்’ என்று ஒருவர் சொல்லலாம். எண் சரிதான், ஆனால் அது இயற்கையின் தீர்ப்பு ஆகாது. ஒரு பெண்குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனுகிறாள். ஆணுக்கு எத்தனை பெண்களை விடுவது என்பதை முடிவுசெய்வது மனிதன், அதிலும் பெரும்பாலும் ஆண்மகன். அவன் எடுத்த முடிவின் விளைவுதான் அந்த 27. கேம்பிரிட்ஜின் மிம் பவர் குழு 2010இல் வெளியிட்ட தாய்வழி ஆய்வு, இந்த இனத்தின் ஆதித் தாய்மாரில் பிரிட்டன், அயர்லாந்து நாட்டு உள்ளூர்ப் பெண்குதிரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. அரபு மரபு என்று பெயர் சூட்டப்பட்டது நாட்டுப் பெண்களின் உடம்பில் வளர்ந்திருக்கிறது.

விற்கப்படாத பெண்கள்

ஏன் ஆண்குதிரைகள் மட்டும் கப்பலேறின? பாலைவனத்து பெடூயின்கள் போருக்கும் கொள்ளைக்கும் பெண்குதிரையையே நம்பினார்கள். எதிரியின் கூடாரத்தை நெருங்கும்போது அவள் கனைத்துக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பார்கள். குதிரைக் குலங்களின் பெயரையும் அவர்கள் தாய்வழியாகவே கொடுத்தார்கள். பெண்குதிரையை விற்பது அரிது, ஆண்குதிரையை விற்றார்கள். டார்லி அரேபியன் 1704இல் அலெப்போவிலிருந்து கப்பலேறினான். ஆங்கிலேயர் ஆண்வழியைக் கொண்டாடியதற்கு ஒரு காரணம், சந்தையில் கிடைத்தது ஆண்குதிரை என்பதே. தாயை வைத்துக் குலம் சொன்ன சமூகத்திலிருந்து வந்தவன், இறங்கிய கரையில் தகப்பன்மாரின் தகப்பன் ஆனான்.

நம் கடற்கரைக்கும் இதே குதிரைகள் வந்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்துக் குதிரைகள் வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுகூடத் தாங்காமல் இறந்ததையும், இங்கே நல்ல குட்டிகள் பிறக்காததையும் எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் கருவூலப் பணம் குதிரை வாங்கப் போகிறது, கோயிலில் செலவாகிறது, நரிகள் பரிகளாகி வந்து இரவில் மறுபடி நரிகளாகின்றன. சைவ மரபு இதை இறைவனின் திருவிளையாடலாக வாசிக்கிறது. நான் அதில் ஒரு பொருளாதார அச்சத்தையும் காண்கிறேன். வாங்கப்பட்ட குதிரைக்கு இங்கே தாய் இல்லை, குட்டி இல்லை, வேர் இல்லை. காலையில் லாயத்தில் இருப்பது மாலையில் இல்லாமல் போகும். தாய்வழி இல்லாத செல்வம் ஒரே இரவில் நரியாகிவிடும்.

தாயின் தலைப்பெழுத்து

எங்கள் கல்லூரி வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து நிற்கிறது. பெரும்பாலும் அது தகப்பனின் எழுத்து. சாதிப் பெயரைக் களைந்த திராவிட இயக்கத்தின் பெருமை அதில் உண்டு. ஆனால் சாதி போன இடத்தில் தகப்பன் மட்டும் தங்கிவிட்டான்.

குதிரை உலகில் இதற்கு மாறான ஒரு வழக்கம் இருந்தது. ஆன் பிளன்ட், ஏடா லவ்லேஸின் மகள், கவிஞர் பைரனின் பேத்தி. கணவர் வில்ஃப்ரிட்டோடு அரபு நாடுகளில் குதிரையில் பயணம் செய்து, பெடூயின்களிடம் குலமுறை கேட்டு எழுதி, 1878இல் இங்கிலாந்தில் கிராபெட் குதிரைப் பண்ணையைத் தொடங்கியவர். 1883இல் இருவரும் இந்தியாவுக்கு வந்தபோது சென்னை வழியாகவும் போனார்கள். ஆனின் பயண நூல்களைக் கணவர் திருத்தி வெளியிட்டார். அடுத்தடுத்த கருச்சிதைவுகளுக்குப் பின் அவருக்கு நிலைத்தது ஒரே மகள் ஜூடித். கணவரின் பிற உறவுகளைச் சகித்துச் சகித்து 1906இல் பிரிந்தார். பண்ணையும் இரண்டாகப் பிரிந்தது. அரபுக் குதிரையைப் பற்றி அவர் சேர்த்துவைத்த குறிப்புகள், அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பின் 1945இல் மகளின் நூலில்தான் இடம்பெற்றன.

கிராபெட்டில் குட்டிக்குத் தாயின் முதல் எழுத்தில் பெயர் வைப்பது வழக்கம். ஜூடித் 1920இல் வாங்கிய ஸ்கவ்ரோனெக் என்ற வெள்ளைப் பொலிகுதிரை 20ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற அரபு ஆண்குதிரைகளில் ஒருவன். போலிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு வானம்பாடி என்று பொருள். அவன் தாய் யாஸ்குவுகா. அதற்குச் சிட்டுக்குருவியைப் போன்ற தகைவிலான் என்று பொருள். பறவைக்குப் பிறந்த பறவை. அவன் மரபு உலகெங்கும் பரவியது மூன்று மகன்களால் என்பார்கள். நசீம் சோவியத் நாட்டின் டெர்ஸ்க் பண்ணைக்குப் போனான். ராசேனை கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் அமெரிக்காவுக்கு வாங்கிப்போனார். ராஃபிள்ஸும் அமெரிக்காவுக்குப் போனான். ஒரே நாளில் நூறு மைல் ஓடும் தாக்குப்பிடிப்புப் பந்தயங்களில் அரபுக் குதிரைகளே மேலோங்குகின்றன. அவற்றில் பலவற்றின் வம்சாவளியில் இந்தப் பெயர்கள் தென்படும்.

ஆனால் அந்த மூன்று பெயர்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். நசீமின் தாய் நஸ்ரா, பாட்டி நெஃபீசா. ராசேனின் தாய் ராயா. ராஃபிள்ஸின் தாய் ரிஃபாலா; அவள் தாய் ரிஸ்லா, ரிசாலா, ரிடா, ரோஸ் ஆஃப் ஷாரன், ரொடானியா என்று ஒரே ஓசை ஆறு தலைமுறை பின்னோக்கிப் போகிறது. ஸ்கவ்ரோனெக்கின் மரபு என்று உலகம் சொல்லும்போதே மகன்கள் தாய்மாரின் தலைப்பெழுத்தைச் சுமந்து நிற்கிறார்கள். இதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தாயைக் கொண்டாடுவதன் அபாயம்

அந்த மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கக் கூடாது. ராஃபிள்ஸின் தாய் ரிஃபாலா, ஸ்கவ்ரோனெக்கின் மகள். அதாவது தகப்பனை மகளோடு இணைத்துப் பெற்ற குட்டி அவன். ‘ரத்தத்தைச் செறிவாக்குதல்’ என்று அதற்குத் தொழிலில் பெயர். எழுத்து தாயினுடையது. முடிவு அவளுடையதா?

புரூஸ் லோவின் தாய்வழி எண்களும் அப்படியே. எந்த வயிற்றிலிருந்து அதிக வெற்றியாளர்கள் வந்தார்கள் என்று எண்ணி வயிறுகளுக்குத் தரவரிசை கொடுத்தார் அவர். பெற்றெடுப்பதே தன் கடமை என்று சொல்லும் பொன்முடியாரின் புறப்பாட்டுத் தாயை வீரத்தாய் என்று மேடையில் வாழ்த்தும் நாம் இந்தப் பொறியை நன்கறிவோம். தாயைக் கொண்டாடும் மொழி, தாய் அல்லாத எதுவாகவும் அவள் இருக்க முடியாது என்று சொல்லும் மொழியாகவும் இருக்கலாம்.

ரத்தத் தூய்மை என்ற எண்ணம் எப்போதும் பெண்ணுடலின் மீதுதான் காவல் வைக்கும். மார்ட்டன் பிரபு என்பவர் தம் செந்நிற அரபுப் பெண்குதிரையை, வரிக்குதிரையைப் போன்ற குவாகா ஆணோடு இணைத்தார். பிறகு அவள் ஒரு கரிய அரபுக் குதிரைக்கு ஈன்ற குட்டிகளின் காலில் வரிகள் தெரிந்தன. முதலில் சேர்ந்த ஆணின் தடம் பெண்ணுடலில் என்றைக்கும் தங்கும் என்பதற்கு இது சான்று என்றார்கள். 1821இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சான இந்தக் கடிதத்தை டார்வினும் மேற்கோளாக எடுத்தாண்டார். நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் காசர் யூவர்ட் வரிக்குதிரைகளை வைத்துச் சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார். அதற்குள் ‘கெட்டுப்போன பெண்’ என்ற சொல்லுக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டிருந்தது. நல்ல குதிரையைத் தமிழில் ‘ஜாதிக் குதிரை’ என்கிறோம். அந்தச் சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்கும் மாநிலத்தில்தான் சாதி மாறி மணந்த மகள்கள் கொல்லப்படுகிறார்கள். குதிரைப் பதிவேட்டின் இலக்கணமும் சாதியின் இலக்கணமும் ஒன்றே. ஆணின் பெயரை நீட்டிக்கப் பெண்ணின் கருப்பையைப் பூட்டுவது.

இன்றைய பண்ணைகளில் அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது? வட பாதி உலகின் தரோபிரெட்கள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 பிறந்தநாள். குட்டி ஆண்டின் தொடக்கத்திலேயே பிறந்தால் பந்தயத்தில் அனுகூலம். அதற்காகக் குளிர்காலத்தில் பெண்குதிரைகளின் கொட்டடியில் விளக்கெரித்து நாளை நீட்டி, அவர்கள் உடலை வசந்தம் வந்துவிட்டதாக நம்ப வைக்கிறார்கள். இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. எனவே இணைப்பின்போது பொலிகுதிரைக்கு உதை விழாமலிருக்க அவள் பின்னங்கால்களைத் தளையிடுவதுண்டு. மேலுதட்டைக் கயிற்றுக் கண்ணியில் முறுக்கிப் பிடிப்பதுண்டு. ஈன்ற சில வாரங்களில் மறுபடி சினைக்கு விடுகிறார்கள். ‘இன்ன பெண்குதிரையிலிருந்து’ என்ற அந்த ஐந்தாம் வேற்றுமைக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

ஆகவே பெண்ணிய வாசிப்பின் வேலை தகப்பன் பெயரை அழித்துத் தாய் பெயரை எழுதுவதோடு முடிவதில்லை. அது தொடக்கம் மட்டுமே. தொல்காப்பியத்தின் மரபியல் பெண்குதிரைக்குப் பெட்டை என்று பெயர் தந்தது. பின்னாளில் அந்தச் சொல் பெண்களை இழிவுபடுத்தும் வசையாகவும் ஆனது. ஆக, பெயர் ஒன்றே யாரையும் காப்பாற்றிவிடாது. கீழ்க்கோட்டில் ஒரு பெயரைக் கண்டால் அவளுக்கு என்ன நடந்தது, எத்தனை முறை, யார் முடிவில், அவள் எத்தனை வயதில் இறந்தாள் என்று கேட்க வேண்டும். குடும்ப மரம் வரையும்போதும், இலக்கிய வரலாற்றில் ‘இன்னாரின் வாரிசு’ என்று படிக்கும்போதும், ஆசிரியப் பரம்பரைகளைப் பட்டியலிடும்போதும் கேட்க வேண்டியவை இதே கேள்விகள்தான். மேற்கோட்டில் நின்ற பெயர் எந்தெந்த உழைப்பை உண்டு நின்றது?

கேய்ட் குடித்த பாலுக்கே வருவோம். தாயை இழந்த அந்தக் குட்டிக்குப் பால் கொடுத்த பசுவைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு சொல் இல்லை. பால் கறந்தவர் யார், இரவில் எழுந்து ஊட்டியவர் யார் என்பதும் இல்லை. அக்காலத்து இங்கிலாந்துப் பண்ணைகளில் பால் கறப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. காடால்ஃபின் அரேபியனின் ஆண்வழி அந்தக் கைகளில் சில மாதங்கள் இருந்திருக்கிறது. வாண்டில்பரியின் கல்லறை காடால்ஃபின் அரேபியனுக்கு மட்டுமே உரியது.